சித்திரபுரத்து மின்சாரமும் ஏலூர் மண்ணும்: சோப்பு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சங்க மலருக்கு இந்த ஆண்டும் ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி தொலைபேசியில் கேட்டபோது, "கல்வெட்டா, சமணப் பள்ளியா, எது வேணும்?" என்றேன். "அய்யா, அதெல்லாம் நாலு வருஷமா எழுதிட்டீங்க. நீங்க இருக்கிற ஊரைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் மலையேறி, சித்திரபுரத்தில் மாமாவின் கடையில் உட்கார்ந்தவன் நான். இன்று அறுபது கடந்துவிட்டது. தோட்டத்துக்கு வேண்டிய சாமான், மண்ணெண்ணெய், சோப்பு, உரம், பூச்சிமருந்து இவைதான் எங்கள் சரக்கு. கல்லூரி வாசல் மிதித்ததில்லை. கடையில் கூட்டம் இல்லாத மழைக்காலங்களில் படித்ததுதான் என் படிப்பு. ஆகவே இக்கட்டுரையில் குறையிருந்தால் கற்றறிந்தோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்ட பொருள் சற்று வினோதமானது. மண்ணில் இறங்கிவிட்ட நஞ்சு அங்கே விளையும் காய்கறிக்குள் ஏறாமல் சோப்பு இனத்துப் பொருள்களால் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. இதற்கும் சித்திரபுரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அது எங்கள் ஊர் மின்சாரத்தில் தொடங்குகிறது.

1. மலைமேல் பிறந்த மின்சாரம்

மூணாறு என்ற பெயரே மூன்று ஆறுகள் கூடுவதால் வந்தது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகியவை கூடி முதிரப்புழையாறாகப் பள்ளிவாசல் வழியே இறங்குகின்றன. அந்த நீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் மேற்கொண்டது. 1940 மார்ச்சில் பள்ளிவாசல் மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் திட்டம் இதுவே. முழுமை பெற்றபோது இதன் திறன் 37.5 மெகாவாட். அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா. அவர் பெயரால்தான் எங்கள் ஊர் சித்திரபுரம் ஆயிற்று. திவானாக இருந்தவர் சர் சி.பி. இராமசாமி அய்யர், நம் தமிழர். மலைமேல் தேயிலை கிள்ளியவர்களிலும் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகளோடு நடந்து வந்த நம்மவரே.

அந்த மின்சாரம் மலையிலேயே தங்கிவிடவில்லை. கம்பி வழியே ஆலுவாவுக்கு இறங்கிப் போயிற்று. ஆலுவாவுக்கு அருகே பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவில் ஏலூர் என்று ஒரு தீவு இருக்கிறது. மின்சாரம் வந்த மூன்றே ஆண்டில், 1943-ல், அருகேயுள்ள அலுபுரத்தில் அலுமினியம் உருக்கத் தொடங்கினார்கள். அதே 1943-ல் திருச்சி சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் எஃப்.ஏ.சி.டி. உர நிறுவனம் பிறந்தது. 1947-ல் அது உற்பத்தியைத் தொடங்கிற்று. அந்தப் பகுதிக்கே உத்தியோகமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். ஆக, மின்சாரம் எங்கள் மலையிலிருந்து போனது, முதலீடு காவிரிக்கரையிலிருந்து போனது. கேரளத்தின் முதல் பெரிய தொழில் மண்டலம் எழுந்ததில் தமிழ்க் கைகள் பல உண்டு என்பதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

இன்னொரு தொடர்பும் உண்டு. மின் நிலையம் கடந்து இறங்கும் முதிரப்புழை, பனங்குட்டி அருகே பெரியாற்றில் சேர்கிறது. அந்தப் பெரியாறுதான் ஏலூரைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. எங்கள் ஊர் மின்சாரமும் எங்கள் ஊர்த் தண்ணீரும் கடைசியில் ஒரே இடத்தைத்தான் போய்ச் சேருகின்றன.

2. ஏலூரில் செய்த வெள்ளைப் பொடி

டி.டி.டி. என்னும் பொருளை 1874-ல் ஓதமார் சைட்லர் என்ற வேதியியல் மாணவர் முதலில் செய்தார். அது பூச்சியைக் கொல்லும் என்பதை 1939-ல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுதந்திர இந்தியாவுக்கு மலேரியா பெரிய பகையாக இருந்தது. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அதற்கு டி.டி.டி. செய்து கொடுக்கவே 1954-ல் மத்திய அரசு இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனத்தை அமைத்தது. முதல் ஆலை டெல்லியிலும், அடுத்த ஆலை 1950-களின் பிற்பகுதியில் நம் உத்தியோகமண்டலத்திலும் எழுந்தன. மலேரியா ஒழிப்பில் அந்தப் பொடி பல உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. அதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

ஆனால் பொடி கொசுவோடு நிற்கவில்லை. அதன் பங்காளியான பி.எச்.சி.யும் வயலுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் 'கமாக்சின்' என்றே கேட்பார்கள். பின்னர் எண்டோசல்பான் வந்தது. ஏலூர் ஆலையில் அதையும் செய்தார்கள். ஆலைகளின் கழிவு குழிக்கண்டம் தோடு என்னும் சிறு ஓடையில் இறங்கிற்று. 1999-ல் கிரீன்பீஸ் அமைப்பினர் அந்த ஓடையின் நீரையும் சேற்றையும் எடுத்துச் சோதித்தபோது, டி.டி.டி.யும் அதன் சிதைபொருள்களும் வேறு பல குளோரின் சேர்மங்களும் இருப்பதைக் கண்டார்கள். 2004 ஜூலையில் எண்டோசல்பான் பிரிவில் தீவிபத்தும் நேர்ந்தது. அந்த ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவும் ஏலூருக்கு வந்து பார்த்தது.

தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1989-ல் டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது நின்றது. 1997-ல் பி.எச்.சி. தடையாயிற்று. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் இருபதாண்டுக்கு மேல் விமானத்தில் தெளித்த எண்டோசல்பானின் கொடுமையை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நிறுத்தி உத்தரவிட்டது. தெளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்கள். தெளித்து முடித்த மண்ணை என்ன செய்வது? அந்தக் கேள்வி நிற்காமல் தொடர்கிறது.

3. என் கடைக் கொல்லை

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

1984 மழைக்காலத்தில் கிடங்கின் ஓட்டில் ஒழுகி, பி.எச்.சி. மூட்டைகள் சில நனைந்து கிழிந்துவிட்டன. மாமா காலமான புதிது. கடைப் பொறுப்பு முழுதும் என் தலையில். நனைந்த பொடியை விற்க முடியாது, திருப்பியும் எடுக்கமாட்டார்கள். நானும் கூலியாள் ஒருவரும் மண்வெட்டியால் அள்ளிக் கொல்லையில் வேலியோரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். கையுறை கிடையாது, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் குளித்தோம். நஞ்சு போய்விட்டது என்று நினைத்தேன்.

சமணச் சிராவகர்க்கு ஆகாதென்று விலக்கிய வணிகங்களில் நஞ்சு வணிகமும் ஒன்று. எங்கள் பாட்டனார் இதைச் சொல்லி, "வயித்துப் பொழப்புக்கு வேற வழியா இல்ல?" என்று கடிதம்கூட எழுதினார். "பூச்சிமருந்து வேறு, நஞ்சு வேறு" என்று பதில் எழுதினேன். டப்பாவின் மேல் சிவப்பு முக்கோணமும் மண்டை ஓடும் போட்டிருந்ததை அவருக்கு எழுதவில்லை.

சில வருஷங்களுக்கு முன் மருமகள் கொல்லையில் காய்கறி போடத் தொடங்கினாள். "மாமா, வேலியோரம் மண்ணு நல்லாயிருக்கு. பூசணி போடட்டா?" என்றாள்.

"அங்க வேண்டாம்மா."

"ஏன் மாமா? நல்ல வெயில் படுற எடமாச்சே."

எனக்குப் பதில் வரவில்லை. பேத்தி பக்கத்தில் நின்று விதையை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று இரவு முழுக்க உறக்கமில்லை. மறுநாள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மருமகள் கோபிக்கவில்லை. "அப்ப அந்த மண்ண என்னதான் மாமா பண்றது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தச் சோப்பு ஆராய்ச்சியில் இறங்கினேன்.

4. சோப்புக்கு இரண்டு முகம்

நம் முன்னோர் அழுக்கெடுக்க உவர்மண், சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள். பூந்திக்கொட்டை நுரைப்பதற்குச் சப்போனின் என்ற பொருள் காரணம். சோப்பு, சப்போனின், ஷாம்பு, டீப்பால் எல்லாம் ஒரு இனம். விஞ்ஞானிகள் இவற்றைச் சர்பாக்டண்ட் என்கிறார்கள், தமிழில் பரப்பு இழுவிசை குறைக்கும் பொருள் எனலாம். இவற்றின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே தரகு பேசுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வியாபாரிக்கு இது சட்டென்று புரியும்.

பூச்சிமருந்து வியாபாரத்திலும் இந்தத் தரகர் உண்டு. டி.டி.டி. எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. எண்டோசல்பான் டப்பாவில் '35 இ.சி.' என்று போட்டிருக்கும். தண்ணீரோடு பால்போலக் கலக்கும் சரக்கு என்று அதற்கு அர்த்தம். கலக்கச் செய்வது உள்ளே சேர்த்த சோப்பினப் பொருள்தான். அதுபோக ஏலத்திலும் தேயிலையிலும் மருந்து வழியாமல் ஒட்டிக்கொள்ள டீப்பாலோ காதி சோப்போ கலக்கச் சொல்லி நானே விற்றிருக்கிறேன். நஞ்சு இலை முழுதும் பரவியது இந்தத் தரகால்தான்.

அப்படியானால் பரப்புகிற பொருளே எப்படிப் பிடித்துவைக்கும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

சோப்பினத்தில் சாதிகள் உண்டு. துணிசோப்பின் தலையில் எதிர்மின்னேற்றம். ஷாம்புக்குப் பிறகு பெண்கள் தலையில் தேய்க்கும் கண்டிஷனரில் உள்ளது வேறு வகை, அதன் தலையில் நேர்மின்னேற்றம். கிருமிநாசினி மருந்துகளில் சேரும் செட்ரிமைடும் இந்த வகையே. களிமண் துகளின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே நேர்மின் சோப்பை மண்ணில் விட்டால் அதன் தலை களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தலைமுடியில் கண்டிஷனர் ஒட்டுவதும் இதே கணக்குத்தான். இப்போது களிமண் துகளுக்கு ஒரு எண்ணெய்ப் போர்வை கிடைத்துவிட்டது. எண்ணெயை நாடும் டி.டி.டி. போன்ற நஞ்சுகள் அந்தப் போர்வைக்குள் போய் ஒதுங்கிக்கொள்கின்றன. மண்ணீரில் நஞ்சு குறைகிறது. வேர் குடிப்பது மண்ணீரைத்தான். ஆகவே செடிக்குள் ஏறுவதும் குறைகிறது.

இது வெறும் யூகமன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாய்டும் அவருடைய கூட்டாளிகளும் 1988-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். இத்தகைய நேர்மின் சோப்பைச் சேர்த்தால் மண் கரிமநஞ்சுகளைப் பல மடங்கு பற்றிக்கொள்ளும் என்று காட்டினார்கள். பின்னர் சீனத்தில் ஹாங்சோ நகரின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் லிஜோங் ஜூ குழுவினர் இதைப் பயிரோடு சேர்த்துப் பார்த்தார்கள். கரி, எண்ணெய் எரிவதால் உண்டாகும் மாசுகள் படிந்த மண்ணில் நேர்மின் சோப்பைச் சேர்த்தபோது கீரைக்குள் ஏறும் மாசு குறைந்ததை 2009-ஐ ஒட்டி வெளியிட்டார்கள்.

படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடையில் மீந்த சோப்பே கொல்லைப் பாவத்தைக் கட்டிவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

5. அவசரப்படக்கூடாது என்பதற்கான காரணங்கள்

வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. லாபக் கணக்குப் பார்த்தபின் நட்டக் கணக்கும் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தபோது நான்கு தடைகள் தெரிந்தன.

முதலாவது, எந்தச் சோப்பு என்பது. சாதாரணத் துணிசோப்பு களிமண்ணில் நேராக ஒட்டாது. அளவுக்குமேல் விட்டால் அதன் மூலக்கூறுகள் தண்ணீரிலேயே கூட்டமாகத் திரண்டு, நஞ்சை வாலுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும். அதை வேருக்கும் கொடுக்கும், கிணற்றுக்கும் கொடுக்கும். மாசு மண்ணைக் கழுவ வேண்டும் என்பவர்கள் இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள். பூந்திக்கொட்டை இனத்துச் சப்போனினையும் அதற்குச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கழுவிய நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க ஏற்பாடு இருக்கும். என் கொல்லையில் கழுவினால் தண்ணீர் முதிரப்புழைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று முன்பே எழுதிவிட்டேன்.

இரண்டாவது, அளவு. நேர்மின் சோப்பும் குறைந்த அளவில் பிடிக்கும், மிகுந்த அளவில் திரண்டு தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை மண்ணுக்கு மண் மாறும். கரிசல் மண்ணின் மாண்ட்மோரிலோனைட் களி, நூறு கிராமுக்கு எண்பது முதல் நூற்றிருபது மில்லி ஈக்விவலண்ட் வரை நேர்மின்னேற்றப் பொருளைப் பிடிக்கும். நம் மலையாளச் செம்மண்ணில், அதாவது செம்புரையில், மிகுந்திருப்பது கயோலினைட். அது மூன்று முதல் பதினைந்து வரைதான் பிடிக்கும். கோவில்பட்டிக் கரிசலில் பலிப்பது மூணாற்றில் பலிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவது, எந்த நஞ்சு என்பது. இதற்கு நம் அடுத்த எல்லையான பாலக்காடே சாட்சி. சிற்றூர் தாலுகா பிளாச்சிமடையில் 2000-ல் கொக்கோ கோலா ஆலை வந்தது. ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-ல் பி.பி.சி. வானொலி வெளியிட்டது. அங்கே தமிழ் பேசும் இரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் 2002 ஏப்ரலிலிருந்து போராடினார்கள். முன்னின்றவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் கேரள அரசின் உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று கணித்தது. 2011-ல் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியும் அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மாவோ 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

காட்மியம் உலோகம், எண்ணெயை நாடாது. அதற்கும் நேர்மின்னேற்றம் உண்டு. ஆகவே களிமண்ணில் அது உட்கார வேண்டிய இடத்தையே நேர்மின் சோப்பு பறித்துக்கொள்ளும். டி.டி.டி.க்கு மருந்தாவது காட்மியத்துக்கு எதிரியாகும். காட்மியத்துக்குச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைப்பதுதான் அறிந்த வழி. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் காட்மியம் அரிசியில் ஏறி 'இத்தாய் இத்தாய்' என்ற எலும்பு நோய் வந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அந்தப் பெயரின் பொருள். அங்கே 1979-ல் தொடங்கி 2012 வரை முப்பத்துமூன்று ஆண்டு வயல் மண்ணைச் சீராக்கினார்கள். மண்ணைக் கெடுக்க ஆகும் காலம் வேறு, திருத்த ஆகும் காலம் வேறு.

நான்காவது தடைதான் எனக்குப் பெரியது. நேர்மின் சோப்பு கிருமியைக் கொல்லும், அதனால்தான் மருந்தில் சேர்க்கிறார்கள். மண்ணில் விட்டால் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கும் மண்புழுவுக்கும் கேடு செய்யும். நஞ்சைக் காலப்போக்கில் சிதைத்துத் தின்கிறவையே அந்த நுண்ணுயிர்கள். பூச்சியைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக மண்ணுயிரைக் கொல்வதா? மண்ணுக்கும் உயிருண்டு என்று படித்து வளர்ந்தவன் நான். மேலும், கட்டிவைத்த நஞ்சு அழிந்த நஞ்சாகாது. கடனை வேறு பேரேட்டுக்கு மாற்றி எழுதினால் கடன் தீர்ந்ததாகுமா?

6. அப்படியானால் என்ன செய்யலாம்?

சோப்பு செய்யும் அதே வேலையை, கொல்லாமல் செய்யும் பொருள் ஒன்று நம்மிடம் முன்பே உண்டு. மக்கிய தழை, மக்கிய சாணம், கரி ஆகியவைதான் அது. மட்கில் எண்ணெயை நாடும் பகுதி இயற்கையிலேயே இருக்கிறது. டி.டி.டி. இனத்தை மண்ணில் பெரும்பாலும் பிடித்துவைப்பதே இந்த மட்குதான். விறகுக் கரியைப் பொடித்து மண்ணில் சேர்ப்பதைப் பற்றியும் உலகெங்கும் ஆராய்கிறார்கள், அதுவும் இத்தகைய நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. சோப்பு இதையே விரைவாகவும் கூடுதல் ஆற்றலோடும் செய்யும். ஆனால் மண்ணைச் சோதித்து அளவு சொல்ல ஆய்வுக்கூடமும் நிபுணரும் வேண்டும். தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள பெரும்பரப்புகளுக்கு அது நாளை பயன்படலாம். வீட்டுக் கொல்லைக்குச் சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்பவேண்டாம்.

பயிரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழி. எல்லாச் செடியும் ஒரேமாதிரி நஞ்சை இழுப்பதில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் விவசாய ஆய்வு நிலையத்தில் ஜேசன் ஒயிட் என்பவர் இதை ஆராய்ந்தார். பழைய டி.டி.டி. மண்ணில் பூசணி இனத்தில் சில வகைகள் மற்றச் செடிகளைவிட மிக அதிகமாக அதன் சிதைபொருளை உறிஞ்சித் தண்டுக்கு ஏற்றுகின்றன என்று கண்டார். மருமகள் போட நினைத்தது பூசணி! கேரட் போன்ற கிழங்கு வகைகளில் இந்நஞ்சுகள் தோலில் சேரும். எங்கள் வீட்டில் கிழங்கு புழங்குவதில்லை. வாங்கிச் சமைப்போர் தோலைச் சீவிவிடுவது நல்லது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்கள் பம்பாயிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் இன்னும் தூரத்திலும் இருக்கிறீர்கள். மாடியிலும் கொல்லையிலும் பலர் நாலு செடி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் வாங்கிய மனை முன்பு என்னவாக இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுவையுங்கள். பழைய கிடங்கு, பட்டறை, சாயப்பட்டறை, குப்பைமேடு என்று தெரிந்தால் அந்த மண்ணில் உண்ணும் பயிர் வேண்டாம். வேறு மண் கொண்டுவந்து, அடியில் தடுப்புப் போட்டு மேடை கட்டி நடுங்கள். ஐயம் இருந்தால் வேளாண் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களை அணுகுங்கள். கேரளத்தில் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

7. முடிவாக

கொல்லை மண்ணை நானும் சோதனைக்குக் கொடுத்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் பி.எச்.சி. இருக்கிறது என்று வந்தது. அந்தத் தாளை மடித்துக் கடைப் பேரேட்டுக்குள் வைத்திருக்கிறேன். பேரேடு பொய் சொல்லாது, மண்ணும் அப்படித்தான். மண்வெட்டி பிடித்த அந்தக் கூலியாள் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். எதனால் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். இப்போது கேட்க ஆளில்லை.

பூச்சிமருந்துச் சரக்கை நான் நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. பாட்டனாருக்கு எழுதிய பதிலைத் திருத்தி எழுத அவர் இல்லை. இந்தக் கட்டுரையையே அந்தத் திருத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

வேலியோரம் இப்போது வேலி கட்டிய ஒரு சதுரம். சாணமும் தழையும் கரிப்பொடியும் போட்டு மூடியிருக்கிறோம். மருமகள் அதில் செவ்வந்தி வைத்திருக்கிறாள். பூவைக் கொல்லையிலேயே விட்டுவிடுகிறோம், தலையில் வைப்பதோ சாமிக்குச் சாத்துவதோ இல்லை. பேத்தி ஒரு பலகையில் 'இங்கு உண்ணும் பயிர் வைக்கக்கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே '1984' என்றும் போட்டிருக்கிறாள். வருஷத்தை ஏன் போட்டாய் என்றேன். "நாளைக்கு இந்த வீட்ட வாங்கறவங்களுக்குத் தெரியணும்ல, தாத்தா" என்றாள்.

ஏலூரிலும் பிளாச்சிமடையிலும் அப்படியொரு பலகை வேண்டும். எங்கே, எப்போது, எதைப் புதைத்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவைப்பதுதான் மண்ணைத் திருத்துவதில் முதல் வேலை. சோப்பும் சுண்ணாம்பும் கரியும் அதற்கப்புறம்தான்.